தூசு கீழே இறங்கும் கணக்கு

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். ஏழாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "தாத்தா, எங்கேயாவது அணு உலை வெடிச்சா அந்தத் தூசு நம்ம வீட்டுக்கு வந்துடுமா? எத்தனை நாள்ல வரும்?" என்று கேட்டான். தொலைக்காட்சியில் செர்னோபில் பற்றி ஏதோ பார்த்திருக்கிறான். இரண்டு நாளாக இரவில் சரியாகத் தூங்கவில்லை என்று அவன் தாயார் பிறகு சொன்னார்.

"அதெல்லாம் ஒன்றும் வராது, போய் விளையாடு" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குக் கணக்கோடு விடை சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. நான் அணு விஞ்ஞானி அல்லன். பொறியியலில் டிப்ளமா படித்து ரயில்வேயில் காலம் தள்ளியவன். இருந்தாலும் இந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி, நான் வேலையில் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்ட ஒரு சோதனைக்குள்ளேயே இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன். பெற்றோர்கள் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மண்கரையும் கண்ணாடி ஜாடியும்

ரயில் பாதை பல இடங்களில் மண்ணைக் கொட்டி உயர்த்திய கரையின்மேல் ஓடுகிறது. அந்தக் கரைக்கு எந்த மண் ஏற்றது என்று பார்ப்பதற்காக மண் சோதனைக் கூடம் உண்டு. அங்கே முதலில் மண்ணை உலர்த்தி, சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சலிப்பார்கள். மேலே பெரிய கண், கீழே போகப் போகச் சிறிய கண். கடைசிச் சல்லடையின் கண் 75 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்.

75 மைக்ரானுக்குக் கீழே உள்ள பொடியை எப்படிப் பிரிப்பது? அதைவிட மெல்லிய சல்லடையில் மண் அடைத்துக்கொள்ளும். அதற்குத்தான் ஜாடி. ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தண்ணீரோடு அந்த மண்ணைக் கலந்து, கட்டி சேராமல் இருக்க ஒரு மருந்துப் பொடியையும் சேர்த்துக் குலுக்கி வைப்போம். பிறகு ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று தொடங்கி மறுநாள் வரை, அதாவது 24 மணி நேரம் வரை, அளவு எடுப்போம். பெரிய துகள் முதலில் இறங்கும், சிறிய துகள் பின்னால் இறங்கும். எந்த நேரத்தில் எவ்வளவு மிச்சம் மிதக்கிறது என்று தெரிந்தால், எந்தப் பருமனுள்ள துகள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். கடிகாரமே சல்லடையாகிவிடுகிறது.

இந்தச் சோதனையில் நான் ஒருமுறை தவறு செய்தேன். ஒரு கிளைப் பாதையின் கரைக்கு மண் பார்க்கும் வேலை. அறிக்கை அவசரமாக வேண்டும் என்றார்கள். மாலை நான்கு மணி வரை அளவு எடுத்துவிட்டு, மறுநாள் காலை அளவை நானாகவே கோடு நீட்டி எழுதிவிட்டேன். இதே வேகத்தில் இறங்கும் என்று நினைத்தேன். உண்மையில் அந்த மண்ணில் மிக நுண்ணிய களி நிறைய இருந்தது. அது இறங்கவே இல்லை. ஜாடியில் மிதந்துகொண்டேதான் இருந்தது. களி குறைவு என்று நான் எழுதிய மண் கரைக்குப் போயிற்று. இரண்டாவது மழைக்காலத்தில் ஓர் இரவு கரை சரிந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரோந்து போன ஊழியர் ஒருவர் சிவப்பு விளக்கைக் காட்டி வண்டியை நிறுத்தினார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அன்று முதல் ஒன்றை நான் மறந்ததில்லை: சீக்கிரம் படிந்துவிட்டது கண்ணுக்குத் தெரியும், இன்னும் படியாமல் இருப்பதுதான் பிறகு கணக்குக் கேட்கும்.

ஸ்டோக்ஸ் தந்த விதி

ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்பவர் 1851இல் வெளியிட்ட விதிதான் இதற்கெல்லாம் அடிப்படை. துகளைக் கீழே இழுப்பது அதன் எடை. மேலே தாங்குவது காற்றோ நீரோ தரும் தடை. விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். தடையோ, அதே வேகத்தில், இரண்டு மடங்குதான் ஆகும். ஆகவே இறங்கும் வேகம் நான்கு மடங்காகும். விட்டம் பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்கு. இது சிறு துகள்களுக்கான விதி. துகள் பெரிதாகி வேகம் கூடும்போது பின்னால் சுழல்கள் உண்டாகித் தடை அதிகரிப்பதால், உண்மையான வேகம் இந்தக் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும்.

சாதாரணக் கல்தூளைப் போல நீரைவிட இரண்டரை மடங்கு கனமான தூசு காற்றில் எப்படி இறங்கும் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ இப்படி வரும். 10 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, மழையோ மேலே தூக்கும் காற்றோ இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

300 மைக்ரான்: நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல். தரைக்கு வர ஒன்றேகால் மணி நேரம்.

100 மைக்ரான்: நொடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல். தரைக்கு வர 5 மணி நேரம்.

10 மைக்ரான்: நொடிக்கு முக்கால் சென்டிமீட்டர். தரைக்கு வர 15 நாள்.

1 மைக்ரான்: நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தரைக்கு வர மூன்றரை ஆண்டு.

ஒரே மேகம், ஒரே உயரம். ஆனால் ஒன்று அன்று காலையே தரை தொடுகிறது, மற்றொன்று தானாக இறங்க ஆண்டுகள் ஆகின்றன. நடைமுறையில் மிகச் சிறிய தூசை மழைதான் கீழே கொண்டுவருகிறது. இந்த அட்டவணையை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் எளிதில் விளங்கும்.

வெள்ளைச் சாம்பல் பெய்த காலை

1954 மார்ச் 1ஆம் தேதி பசிபிக் கடலில் பிகினி என்னும் பவளத் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்தது சுமார் 6 மெகாடன். வெடித்தது 15 மெகாடன். தீவின் பவளப்பாறை பொடியாகி, ஆவியாகி, நெருப்பு மேகத்தோடு சேர்ந்து பத்து நிமிடத்துக்குள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் உயரம் போயிற்று.

அப்போது சுமார் 150 கிலோமீட்டர் கிழக்கே டைகோ ஃபுகுரியு மாரு என்ற ஜப்பானிய மீன்பிடி படகு சூரை மீனுக்காக வலித்துக்கொண்டிருந்தது. பெயருக்கு ஐந்தாவது அதிர்ஷ்ட டிராகன் என்று பொருள். படகில் 23 பேர். விடியுமுன் மேற்கே சூரியன் உதித்தது போல வெளிச்சத்தைக் கண்டார்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்து வானத்திலிருந்து வெள்ளைச் சாம்பல் பனி போல விழத் தொடங்கியது. தூண்டில் கயிறுகளை இழுத்து முடிக்கும் வரை மணிக்கணக்கில் அது தலையிலும் கழுத்திலும் தளத்திலும் படிந்தது. என்னவென்று தெரியாததால் ஒருவர் கொஞ்சம் சாம்பலை எடுத்தும் வைத்தார்.

இங்கே நம் அட்டவணையை வைத்துப் பார்ப்போம். மூன்று மணி நேரம் என்பது 10,800 நொடி. கண்ணுக்குத் தெரியும் 300 மைக்ரான் துகள் நொடிக்கு 2 மீட்டர் இறங்கினால் 20 கிலோமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். அதே மூன்று மணியில் 150 கிலோமீட்டர் கிழக்கே வந்திருக்கிறது என்றால் காற்றின் வேகம் சராசரி மணிக்கு 50 கிலோமீட்டர். இரண்டும் நம்பக்கூடிய எண்களே. படகில் விழுந்தது மேகத்தின் கனமான தூள். அது வேறு எங்கும் போக நேரமில்லாமல் அங்கே வந்து விழுந்தது.

படகு மார்ச் 14ஆம் தேதி யாய்ஸு துறைமுகத்துக்குத் திரும்பியது. இரண்டு வாரம் அந்தச் சாம்பலோடுதான் அவர்கள் உண்டு உறங்கினார்கள். தோலில் புண், முடி உதிர்தல், இரத்த அணுக்கள் குறைதல். வானொலி இயக்குநராக இருந்த ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23ஆம் தேதி இறந்தார். அவருக்கு வயது 40. ரோங்கெலாப் முதலிய தீவு மக்கள் மீதும் அதே சாம்பல் பெய்தது.

சாம்பலைப் படித்தவர்கள்

எந்த மருந்து கொடுப்பது என்று தெரிய வேண்டுமானால் சாம்பலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். குண்டு செய்தவர்கள் அதன் உள்விவரத்தை வெளியிடவில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கென்ஜிரோ கிமுராவும் அவருடைய குழுவினரும் அந்தச் சாம்பலைக் கரைத்து, தனிமம் தனிமமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கதிர்வீச்சையும் எண்ணினார்கள். சாம்பலின் உடல் வெறும் சுண்ணாம்பு, அதாவது பவளம். அதன்மேல் ஏறியிருந்தது பலவகைக் கதிரியக்கப் பொருள்.

அதில் யுரேனியம் 237 என்ற பொருளும் இருந்தது. அதன் அரை ஆயுள் ஏழு நாளுக்கும் குறைவு, இயற்கையில் கிடைக்காது. சாதாரண யுரேனியம் 238இன்மீது மிக வேகமான நியூட்ரான் மோதி இரண்டு நியூட்ரான்களை வெளியே தள்ளினால்தான் அது உண்டாகும். ஆகவே அந்தக் குண்டில் யுரேனியம் 238 பெருமளவில் எரிந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கதிரியக்கக் கழிவு என்ற உண்மை அந்தச் சாம்பலிலிருந்தே வெளிவந்தது. 1940இல் யுரேனியம் 237ஐ முதன்முதலில் கண்டறிந்த குழுவிலும் கிமுரா இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. பதினான்கு ஆண்டுக்கு முன் ஆய்வகத்தில் அறிமுகமானதை அவர் மீனவர்களின் தளத்துச் சாம்பலில் மீண்டும் சந்தித்தார்.

இந்த நிகழ்ச்சிக்குப் பின் 1954 ஏப்ரல் 2ஆம் தேதி நம் பிரதமர் நேரு, சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டுக்கொண்டார். 1956இல் டி. எஸ். கோத்தாரியின் பொறுப்பில் அணு வெடிப்புகளின் விளைவுகள் பற்றி இந்திய அரசு ஒரு நூலையும் வெளியிட்டது. காற்றில் நடத்தும் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் 1963இல் வந்தது.

அளவு வாரியாகப் பிரிப்பது எப்படி

கதிரியக்கத் தூள் வந்தால் ஆய்வகத்தில் நம் மண் சோதனையைப் போலத்தான் தொடங்குகிறார்கள். கண்ணாடித் தடுப்புக்குள், உறிஞ்சும் காற்றின் கீழ், பெரிய துகளைச் சல்லடையால் பிரிப்பார்கள். அதற்குக் கீழ்ப்பட்டதை ஒரு திரவத்தில் கலக்கிப் படியவிட்டு, குறித்த நேரத்தில் குறித்த ஆழத்திலிருந்து உறிஞ்சி எடுப்பார்கள். தண்ணீரில் கரையும் தூளானால் தண்ணீருக்குப் பதில் வேறு திரவம். பிறகு ஒவ்வொரு பங்கையும் தனித்தனியே எண்ணும் கருவியில் வைத்து, இந்தப் பருமனில் இவ்வளவு கதிரியக்கம் என்று பட்டியல் போடுவார்கள். மண் சோதனையில் எடை மட்டும் பார்த்தோம். இங்கே எடையோடு கதிர்வீச்சையும் பார்க்கிறார்கள். வேறுபாடு அவ்வளவே.

காற்றில் மிதக்கும் தூசுக்கு வேறொரு கருவி இருக்கிறது. காற்றை ஒரு துளை வழியாக வேகமாக இழுத்து, எதிரே ஒரு தட்டை வைப்பார்கள். காற்று தட்டைச் சுற்றி வளைந்து போய்விடும். கனமான துகளால் வளைய முடியாது. தட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும். அடுத்த துளை இன்னும் சிறியது, வேகம் இன்னும் அதிகம். அங்கே அதைவிடச் சிறிய துகள் மாட்டும். இப்படி ஆறு, ஏழு, எட்டு அடுக்கு. கூர்மையான வளைவில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை ஏன் வைக்கிறோம் என்று தெரிந்த ரயில்வேக்காரருக்கு இது உடனே விளங்கும்.

தனித் துகளைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. வடிதாளை ஒளிப்படலத்தின்மேல் இருட்டில் வைத்துவிட்டால், கதிரியக்கத் துகள் இருக்கும் இடத்தில் மட்டும் கரும்புள்ளி விழும். அந்த இடத்தை வெட்டியெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் துகளின் உருவமும் பொருளும் தெரியும்.

பெரியதா, சிறியதா?

எது ஆபத்து என்று கேட்டால் இரண்டும்தான். ஆனால் வெவ்வேறு விதமாக.

வெடிப்பின் கதிரியக்கம் முதலில் மிக வேகமாகக் குறையும். தோராயமாக, நேரம் ஏழு மடங்கானால் வலிமை பத்தில் ஒன்றாகும். ஒரு மணி நேரத்தில் 100 என்றால், 7 மணியில் 10, இரண்டு நாளில் 1. ஆகவே சீக்கிரம் விழும் பெரிய துகள் கடும் வலிமையோடு விழுகிறது. மீனவர்களைச் சுட்டது அதுதான்.

சிறிய துகளின் கதை வேறு. மேகம் ஆறும்போது எளிதில் ஆவியாகும் பொருள்கள் கடைசியில்தான் உறைகின்றன. அவை துகளின் உள்ளே போகாமல் மேற்பரப்பில் ஒட்டுகின்றன. வீட்டில் உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கினால் மசாலா அதிகம் பிடிக்கிறது அல்லவா? ஒரு கிலோவுக்கு மேற்பரப்பு அதிகம், அதனால். அதுபோல நுண்தூசில்தான், எடைக்கு எடை பார்த்தால், சீசியம் 137, ஸ்ட்ரான்சியம் 90 போன்றவை அதிகம் சேர்கின்றன. இவற்றின் அரை ஆயுள் ஏறத்தாழ 30 ஆண்டு. மூன்று மாதம் கழித்து வந்தாலும் இவை வலிமை இழப்பதில்லை.

மேலும், 10 மைக்ரானுக்கு மேற்பட்ட தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறும். ஒன்றிரண்டு மைக்ரான் தூசு நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும். தோலைத் தாண்ட முடியாத ஆல்பா கதிர்கூட அங்கே உட்கார்ந்தால் கேடு செய்யும்.

1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் உலை வெடித்தபோது இந்தப் பிரிவினை தெளிவாகத் தெரிந்தது. யுரேனிய எரிபொருளின் துணுக்குகள் நீரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கனம். 10 மைக்ரான் துணுக்குகூட நொடிக்கு 3 சென்டிமீட்டர் இறங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒன்பது மணி நேரத்தில் தரைக்கு வந்துவிடும். அதனால் அவற்றோடு கூடிய புளூட்டோனியமும் ஸ்ட்ரான்சியமும் பெரும்பாலும் உலையைச் சுற்றி 100 கிலோமீட்டருக்குள் விழுந்தன. ஆவியாகி நுண்தூசில் ஒட்டிய சீசியம் ஐரோப்பா முழுவதும் போயிற்று. ஏப்ரல் 28இல், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணிதான் எச்சரிக்கை மணியை அடித்தது. மழை பெய்த ஊர்களில் அதிகம் படிந்தது, பெய்யாத ஊர்களில் குறைவு. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் சுமார் 170 கிலோமீட்டர் தள்ளியுள்ள ட்சுகுபாவின் வடிதாள்களில், சுமார் 2 மைக்ரான் பருமனில், கண்ணாடிக் குண்டு போல நீரில் கரையாத சீசியத் துகள்கள் கிடைத்தன. கரையாத துகள் உடம்பில் நடந்துகொள்ளும் விதமே வேறு என்பதால் அதன்மீது ஆராய்ச்சிகள் தொடர்ந்தன.

வீட்டில் செய்து பார்க்க

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை. உயரமான கண்ணாடிப் பாட்டிலில் தோட்டத்து மண் இரண்டு கரண்டி போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை துணி சோப்புத் தூள் சேர்த்து நன்றாகக் குலுக்கி மேசைமேல் வையுங்கள். மேலிருந்து 10 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள். 50 மைக்ரான் மணல் முக்கால் நிமிடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டும். 20 மைக்ரான் வண்டல் நாலரை நிமிடத்தில். 2 மைக்ரான் களிக்கு எட்டு மணி நேரம் பிடிக்கும். இவை 20 டிகிரி தண்ணீருக்கான கணக்கு. நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் சற்றுச் சீக்கிரம் இறங்கும். மறுநாள் காலையிலும் மேலே கலங்கல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பாட்டிலை அசைக்காமல் பாருங்கள். மறுநாள் அளவைக் கோடு நீட்டி எழுதாதீர்கள்.

இனி அந்தப் பையனுக்கு விடை. "தம்பி, தூசு எத்தனை நாளில் வரும் என்பது, எந்தத் தூசு என்பதைப் பொறுத்தது. பெரிய தூசு உலைக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும், நம்மிடம் வராது. நுண்தூசு தொலைவிலிருந்தும் வரலாம். ஆனால் வரும் வழியெல்லாம் பரந்து, விழுந்து, மெலிந்து வரும். அதை அளக்க ஆட்களும் கருவிகளும் உண்டு. அப்படி ஒரு நாள் அறிவிப்பு வந்தால் செய்ய வேண்டியது எளியது: உள்ளே வந்து கதவு, ஜன்னலைச் சாத்து, வெளியே போட்டிருந்த சட்டையைக் கழற்றித் தனியே பையில் கட்டி வை, தலைக்குக் குளி, மூடி வைத்த உணவையும் தண்ணீரையும் சாப்பிடு, மாத்திரை எதுவும் அரசு சொன்னால்தான். தூசு என்பதால்தான் கழுவினால் போகிறது. அந்த மீனவர்களுக்கு இதைச் சொல்ல அன்று யாரும் இல்லை. உனக்குச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்."

அடுத்த ஞாயிறு அவன் ஒரு பாட்டிலோடு வகுப்புக்கு வந்தான். இரவு முழுவதும் வைத்திருந்தானாம். "தாத்தா, இன்னும் கலங்கலாத்தான் இருக்கு" என்றான். தூங்கினாயா என்று கேட்டேன். "பாத்துக்கிட்டே தூங்கிட்டேன்" என்றான்.